கண்மாய்க் கரையில் எரிந்த பூச்சட்டிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் நான் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊர் நெல்லைப் பக்கம். வயது இருபத்து மூன்று. ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதை ஏதோ பரிசு வாங்கிய மாதிரி பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே மெல்லிய புகைக்குள் நடந்ததாகத்தான் தோன்றுகிறது. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனிகள் விட்டதும் பெண்கள் கூட்டமாகத் திரும்பி வருவார்கள். அவர்கள் முழங்கைவரை வெள்ளி நிறத் தூள் ஒட்டியிருக்கும். சாய்ந்த வெயிலில் அந்தக் கைகள் மட்டும் தனியாக மினுங்கிக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்த்தபடி நிற்பேன். அவர்கள் குடியிருந்த தெரு கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, அந்தத் தெருவுக்குள் ஒரு நாளும் நான் போனதில்லை.

அந்த ஆவணியில்தான் அந்தத் தலைவர் மறைந்தார். பெயர் வேண்டாம். எங்கள் தெற்குச் சீமையில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. சிறைக்குப் போனவர், பிறகு பதவியிலும் இருந்தவர். எனக்கு அவர் அதற்கெல்லாம் மேலே. பள்ளிப் படிப்பு முடிந்ததும் போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டபோது, வீட்டுக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்து என் அப்பா பெயருக்கு ஒரு தபால் கார்டு வந்தது. உங்கள் மகளைப் படிக்க வையுங்கள் என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, மறுநாளே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பக்தி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் அவரைக் கண்டபடி பேசுகிற ஆள் ஒருவரும் இருந்தார். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். வெடிமருந்து கலப்பதில் கை தேர்ந்தவர் என்று சொல்வார்கள். சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் தலைவர் பேச்சு வந்தால் போதும், துண்டை உதறிக்கொண்டு எழுந்து நிற்பார். நான் பஞ்சாயத்து வாசலைத் தாண்டுகிற நேரமாகப் பார்த்துத்தான் அவருக்கு வாய் திறக்கும்.

"டீச்சர், உங்க ஆளு இன்னைக்கும் ஆகாசத்துல வீடு கட்டுறாரு, கேட்டீகளா? கூரை வேயறப்ப சொல்லி விடுங்க, நாங்களும் வந்து பாக்கோம்."

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் பதிலுக்கு ஏதாவது வெடுக்கென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பொருமிக்கொண்டிருப்பேன். அவர் வேறு கட்சி என்பதும், தேர்தலில் கொடி பிடித்து நடந்தவர் என்பதும் ஊருக்கே தெரியும்.

தலைவர் இறந்த செய்தி ஒரு மத்தியானம் வந்தது. ரேடியோவில் பாட்டு நின்று வீணை மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது. பள்ளியை மூடினோம். கடைகள் தாமாகவே மூடின. நான் அறைக்கு வந்து தபால் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது அழுது எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு சிவப்பு நிறம் ஏறி, மெல்லப் பச்சையாக மாறியது. இன்னும் கனவுக்குள்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அறைக்கு வெளியே மொட்டை மாடிக்கு வந்தேன்.

கண்மாய்க் கரையில் வரிசையாகப் பூச்சட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. ஆளுயரத்துக்குப் பொன்னிறப் பொறி எழும்பிக் குடையாக விரிந்து விழுந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக மத்தாப்பு. கரையில் எரிந்தது பாதி என்றால், கீழே கிடந்த கொஞ்சத் தண்ணீரில் தலைகீழாக எரிந்தது மீதி. காற்றே இல்லை. நிறம் ஏறிய புகை கலையாமல் தண்ணீருக்கு மேலே நின்றது. இன்றுவரை அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. அந்த அழகுக்கு நடுவில், கையில் ஊதுவத்தியோடு ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டு போனவர் அந்தப் போர்மேன்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சாவுக்கு வேட்டு போடுவது எனக்கும் தெரியும். பிணம் எடுக்கும்போது அதிர்வேட்டு வைப்பார்கள். ஆனால் இது கல்யாண வீட்டுச் சரக்கு. தீபாவளிக்குப் பிள்ளைகள் கொளுத்துகிற பூச்சட்டி. அவர் செத்ததற்கு இந்த ஆள் தீபாவளி கொண்டாடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் இரங்கல் கூட்டம். முன் வரிசை நாற்காலியில், சிவகாசியிலிருந்து வந்த பட்டாசுக் கம்பெனி முதலாளி உட்கார்ந்திருந்தார். தலைவரின் கட்சிக்காரர். போர்மேன் வேலை பார்ப்பது அவரிடம்தான். ஆசிரியர்கள் சார்பில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் இரண்டு வார்த்தையோடு நிறுத்தவில்லை. நாடே அழும்போது இந்த ஊரில் ஒருவர் மத்தாப்பு கொளுத்திக் கொண்டாடினார், அந்தக் கைக்குச் சோறு போடுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று குரல் உயர்த்திப் பேசினேன். யாரைச் சொல்கிறேன் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே போர்மேனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டதும் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாறு நாள் கழித்து, பள்ளி விட்டு வந்தபோது என் வாசற்படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். போர்மேன் மனைவி. அவரும் அதே கம்பெனியில் திரி வெட்டுகிறவர். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"சண்டை பிடிக்க வரலை டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அன்னைக்கு நீங்க பாத்தீகள்ல, ஏதாச்சும் சத்தம் கேட்டீகளா?"

நான் யோசித்தேன். கூட்டத்தில் ஆவேசமாகப் பேசிய எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. சிவப்பு ஞாபகம் இருந்தது, பச்சை ஞாபகம் இருந்தது. ஒரு வெடிச் சத்தம்கூட ஞாபகம் இல்லை. கரையில் யாரும் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. தூரத்து ரேடியோவின் வீணை என் மாடிவரை கேட்டது, அவ்வளவு அமைதி.

"எங்க தெருவுல மருந்துல கருகிப் போனவுகளுக்கு வேட்டு போட மாட்டோம். அந்தச் சத்தந்தானே அவுகளைக் கொண்டுட்டுப் போச்சு. அதனால சத்தம் இல்லாத சரக்கா, அவுகவுக கையால செஞ்சதா எடுத்து, வெளிச்சம் மட்டும் காட்டி வழியனுப்புவோம். எங்க மூத்தவனுக்கும் அப்படித்தான் காட்டினோம். பத்தொம்போது வயசு."

அவர் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். மகன் வேறொரு கம்பெனி விபத்தில் போனவன். மறுநாள் விடிந்ததும் அந்தத் தலைவர் அவர்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். மாலை இல்லை, கூட்டம் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துல வெறும் மண்ணுல உக்காந்தாக. உச்சி வெயில் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. போறப்ப, இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போனாக. அது வரலை. அதுலதான் இவுகளுக்கு அம்புட்டுக் கோவம். ஆனா மண்ணுல உக்காந்த மனுசன் எங்க தெரு மனுசன் இல்லையா டீச்சர்? அதான் எங்காளுகளுக்குக் காட்டுற மாதிரி காட்டினாக. இப்ப சீசன் நேரம். எந்தக் கம்பெனியிலயும் இவுகளை உள்ள விட மாட்டேங்காக. தலைவரைப் பழிச்சவருன்னு பேராயிருச்சு."

அவர் போன பிறகும் கதவைப் பிடித்தபடியே நின்றேன். என்னை அந்த மனிதர் ஒரு கார்டில் படிக்க வைத்தார். அவர்களோடு அவர் அரை நாள் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். அவர் யாருக்குச் சொந்தம் என்று நான் மேடையேறித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சிவகாசிக்கு பஸ் ஏறிப்போய் முதலாளியைப் பார்த்தேன். நான் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தத் தெரு வழக்கம் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"நீங்க எங்கிட்டத் தனியா வந்து சொல்றீக. முன்ன சொன்னது ஊரு முன்னால. இப்ப நான் அவரைச் சேத்துக்கிட்டா எங்க கட்சிக்காரவுகளே என் வாசல்ல வந்து நிப்பாக. பதினாறாம் நாள் படத்திறப்பு வச்சிருக்கோம். அங்கன வந்து நீங்களே சொல்லிருங்க. அப்புறம் அவரை வேலைக்குக் கூப்பிடுறது என் பொறுப்பு."

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனம் போன போக்கைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஊருக்கே கேட்கும்படி நான் பொய் சொன்னேன் என்று நானே சொன்னால் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது? மாற்றல் கேட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டால் என்ன? விண்ணப்பம்கூட எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், இந்த ஆசிரியை வேலையே எனக்கு யாருடைய கார்டால் வந்தது என்று நினைவுக்கு வந்தது. கிழித்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் வந்தது. அதே மைதானம், அதே நாற்காலிகள். சிவகாசி அச்சகத்தில் அச்சடித்த தலைவர் படத்துக்குக் கண்ணாடி போட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். துணியை விலக்கியபோது கன்னத்தில் ரோஜா நிறம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் போர்மேன் மைதானத்துக்கு வெளியே, வேலியைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தேன். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்.

நான் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு மேடைக்குப் போனேன். எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். அன்று நான் சொன்னது தப்பு, விசாரிக்காமல் சொன்னேன், அங்கே நடந்தது கொண்டாட்டம் இல்லை, ஒரு பிள்ளைக்குச் செய்த மரியாதையைத் தலைவருக்கும் செய்திருக்கிறார்கள், நான் அதைக் கேவலப்படுத்திவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். கைதட்டல் எல்லாம் இல்லை. வெயில், படத்துக்கு முன்னால் வைத்த ஊதுவத்திப் புகை, அசையாத முகங்கள். நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. பிறகு முதலாளி எழுந்து நேராக வேலிப் பக்கம் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. போர்மேன் உள்ளே வந்து படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

கூட்டம் கலைந்தபோது அவர் என்னிடம் வந்தார். நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். அவர் பதறி ஒதுங்கினார்.

"விடுங்க டீச்சர். நீங்க அவுக மேல இருந்த பாசத்துல பேசினீக. நானும் அந்தப் பாசத்துலதான் கொளுத்தினேன். நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுத் துக்கக்காரவுகதான்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பழைய சிரிப்போடு சொன்னார்.

"ஆனா ஆஸ்பத்திரி வரலைங்கிறதை நான் விட மாட்டேன். படத்துக்கு முன்னால நின்னு இப்பக்கூட அதைத்தான் கேட்டுட்டு வாரேன்."

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். அந்த ஊரில் பிறகு பதினொரு வருடம் இருந்தேன். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவில் எல்லா வீட்டுக் காப்பியும் குடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரியவர்கள் மறைந்துவிட்டார்கள். செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் புகழ்ச்சி வருகிறது, நானும் உட்கார்ந்து படிக்கிறேன். ஆனால் படித்து முடித்ததும், கடைசிவரை அவரோடு சண்டை போட்ட ஒரு மனிதர் எங்கோ ஓர் ஊரில் யாருக்கும் சொல்லாமல் அழுதுகொண்டிருப்பார் என்று தோன்றும், அந்த முகம் தெரியாதவரின் துக்கத்துக்காகத்தான் முதலில் என் மனம் எழுந்து நிற்கிறது.