மூடி வேறு, குழாய் வேறு

வேதவல்லி வீட்டுக் குப்பையைக் குப்பை என்று சொல்லவே வாய் வராது. பால் கவரைக் கழுவிச் சமையலறை டைல்ஸில் ஒட்டிக் காயவைப்பாள். பாட்டிலின் மூடியைத் திருகித் தனியே போடுவாள். மூடி ஒரு பிளாஸ்டிக், பாட்டில் வேறு பிளாஸ்டிக், ஒன்றாகப் போனால் இரண்டும் வீண் என்பது அவள் கட்சி. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். கணவர் சம்பந்தம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம ஃபேக்டரி இன்ஸ்பெக்‌ஷன்கூட இவ்வளவு கெடுபிடி இல்ல" என்பார்.

ஐதராபாத்தின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்கு, கச்சிபௌலியில் மகன் வாங்கிய அடுக்ககத்துக்கு வந்ததும், இந்தப் பித்து மாடி மாடியாக ஏறியது. டயப்பரையும் சாம்பார் சாதத்தையும் ஒரே பையில் கட்டிக் கடாசிக்கொண்டிருந்த ஐ.டி. குடும்பங்களைக் கதவு தட்டித் தட்டி, திட்டாத குறையாகத் திருத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. காய்கறித் தோல் உரமாகித் தோட்டத்துக்குப் போயிற்று. லாரியில் ஏறும் மூட்டை பாதியாகக் குறைந்தது. உலர்குப்பையைப் பிரிக்கக் கீழ்த்தளத்தில் லூர்துமேரிக்கு வேலையும் கிடைத்தது. திண்டிவனம் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷன் இங்கேயே செத்துப்போக, ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவள்.

ஆனால் எத்தனை சொன்னாலும் திருந்தாத வீடுகளும் இருந்தன. உடைந்த கண்ணாடி, சானிட்டரி நாப்கின் எல்லாம் உலர்குப்பைக்கான நீலத் தொட்டிக்கே வரும். சங்கச் செயலாளர் சரத்துக்கு இது நல்ல சாக்கு. பிரிக்கிற தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றிவிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். லூர்துமேரி தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் பைகளைத் தொடுவாள். ஒரே ஒரு வீட்டுப் பைக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுவாள்.

"ஒங்க பைக்கு எதுக்கும்மா கிளவுஸு? கண்ண மூடிக்கினு கைய வுடலாம்."

வேதவல்லிக்கு உச்சி குளிர்ந்துபோகும். இதை நாலு வீட்டில் சொல்லிக் காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சம்பந்தத்துக்குச் சர்க்கரை முற்றி இன்சுலின் ஆரம்பித்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹெப்படைடிஸ் பி வேறு இருந்தது. போட்ட ஊசிகளை டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட வேண்டும், தப்பித்தவறி யாருக்காவது குத்திவிட்டால் அன்றைக்கே கூட்டிவர வேண்டும், இல்லையென்றால் கல்லீரல் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

டப்பா நிறைந்தது. இத்தனை நல்ல பிளாஸ்டிக்கையும் கொண்டுபோய் எரித்துவிடுவார்களே என்று வேதவல்லிக்கு வயிறு எரிந்தது. தரையில் உட்கார்ந்து, ஆரஞ்சு மூடிகளை எல்லாம் கழற்றி ஒரு பால் கவரிலும் குழாய்களைக் கழுவி இன்னொரு பால் கவரிலும் போட்டாள். குழாயிலிருந்து ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. கழுவியாகிவிட்டதே, போகட்டும் என்று ஊசியோடேயே அந்தக் கவரைச் சுருட்டித் தன் வீட்டுப் பைக்குள் வைத்து நீலத் தொட்டியில் போட்டாள்.

லூர்துமேரி விரலைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். விரலில் ரத்தம்.

"யாரோ ஒங்க பையில ஊசியப் போட்டுட்டாங்கம்மா. அந்த சரத் சார் ஆளுங்கதான் வேணும்னே பண்ணியிருப்பாங்க. ஒங்க கை இப்டி செய்யுமா?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு எழவில்லை பாவிக்கு. சரத் இதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடுவார். வீட்டுக்காரர் வியாதி மாடி மாடியாகத் தெரிந்துபோகும், பார்க்கில் இவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? எல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது.

"ஹவ், ஆமாமா, யாரோ போட்டிருப்பாங்க" என்றாள். டெட்டால் ஊற்றிக் கழுவிவிட்டாள். "எதுக்கும் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கோ" என்று பணமும் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் லூர்துமேரி சிரித்துக்கொண்டேதான் வேலைக்கு வந்தாள். கழுவின ஊசிதானே, ஒன்றும் ஆகாது என்று வேதவல்லி தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மனிதருக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளக் காரணமா கிடைக்காது!

மழைக்காலம் முடியும்போது லூர்துமேரிக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். சோறு செல்லவில்லை, வயிறு வீங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று காவலாளி இர்பான்தான் வந்து சொன்னான். வேதவல்லி போனபோது, வியாதியின் பெயரை அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். சம்பந்தத்துக்குச் சொன்ன அதே பெயர்.

கட்டிலோரம் உட்கார்ந்து, "அந்த ஊசி எங்க வீட்டுதுதான் லூர்து" என்றாள். "நான்தான் போட்டேன். அவருக்கு இந்த வியாதி இருக்கு. தெரிஞ்சேதான் மறைச்சேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

லூர்துமேரிக்குக் கோபம் வரவில்லை. பதறினாள்.

"ஐயோ, ஐயா கூடவே இருக்கீங்களே. ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலியாம்மா?"

இன்னொரு பொய்க்கு வேதவல்லியிடம் தெம்பு இல்லை. "எனக்குத் தடுப்பூசி போட்டுட்டாங்க."

"அதுக்கு ஊசி இருக்குதா?" என்றாள் லூர்துமேரி.

ஊசி குத்திய விரலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேதவல்லி எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை.