கேட்காதவளின் மதிப்பெண்

திண்டிவனம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் ஜெகதீசன் சாரிடம் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் படித்தவர்களைக் கேட்டால், பாடத்தை விட்டுவிட்டு மனுஷனைப் பற்றித்தான் பேசுவார்கள். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. விழுப்புரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால், விக்கிரவாண்டி வருவதற்குள் சீட்டை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவர் விடைத்தாள் திருத்தினால் கேட்கவா வேண்டும்? மதிப்பெண்ணைச் சொன்ன மறுநாள் அவர் அறை வாசலில் கூட்டம் நிற்கும். "பாத்து போடுங்க சார்" என்றால் போதும், ஐந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

துறைத்தலைவர் அம்பிகா கேலி செய்வார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி வுடுறீங்களே சார்!"

"போட்டா யாருக்கு மேடம் என்னா நஷ்டம்?" என்பார் ஜெகதீசன். அதுவரை அது உண்மையாகவும் இருந்தது.

இந்தப் பருவத்தில் கல்லூரி விதியை மாற்றியது. தேர்ச்சிக்கு இனி நிலையான மதிப்பெண் கிடையாது. வகுப்பின் சராசரியை வைத்துத்தான் கோடு கிழிப்பார்கள். சராசரி ஏறினால் கோடும் ஏறும். சுற்றறிக்கையில் ஜெகதீசன் கையெழுத்துப் போட்டார். பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

வழக்கம்போல் பாதி வகுப்பு வந்து வாங்கிக்கொண்டு போனது. கடைசியாகப் பானுப்ரியா, தோழி புனிதாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இவ ஃபெயிலாயிட்டா வூட்ல படிப்ப நிறுத்திடுவாங்க சார். அழுதுக்கினே கீறா. இவளுக்கு மட்டும் பாத்து போடுங்க. எனக்கு வாணாம், நான் பாஸ்லதான் இருக்கேன்."

புனிதாவுக்கும் ஐந்து விழுந்தது. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் ஜெகதீசனுக்குக் கால் வலிக்கவில்லை.

முடிவு வந்தது. புனிதா பாஸ். பானுப்ரியா ஃபெயில்.

அவள் அழவில்லை. பேயறைந்த முகத்தோடு வந்து நின்றாள். அடுத்த மாதம் வேலைக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து கம்பெனி வருகிறது. அரியர் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

"அன்னிக்கு பாஸ்லதானே சார் இருந்தேன்? நான் ஒண்ணுமே பண்ணலியே. எப்டி சார் ஃபெயிலானேன்?"

ஜெகதீசன் கணினியைத் திறந்து பார்த்தார். அவளுடைய மதிப்பெண்ணில் அரை மதிப்பெண்கூடக் குறையவில்லை. கோடுதான் அவளைத் தாண்டி மேலே போயிருந்தது. அதை ஏற்றியது யார் என்று யோசித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, ஒன்றும் கேட்காத பிள்ளையைக் கவிழ்த்துவிட்டோமே! "நீ போம்மா, நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

முடிவை உறுதி செய்ய இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அம்பிகாவிடம் போய், போட்ட ஐந்துகளை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். அம்பிகா இந்த முறை கேலி செய்யவில்லை. கோடு இறங்கியது. பானுப்ரியா பாஸ். புனிதா ஃபெயில்.

மறுநாள் காலையிலேயே கண்டாச்சிபுரத்திலிருந்து புனிதாவின் அப்பா ராஜவேலு மகளோடு வந்துவிட்டார்.

"நேத்து பாஸுன்னீங்க, இன்னிக்கு ஃபெயிலுன்றீங்க. பேஜாரா கீது சார். உங்க கையில இருக்கற மார்க்குதானே? போட்டு வுடுங்க."

"முடியாதுங்க." சொல்லிவிட்டு ஜெகதீசனே திடுக்கிட்டார். "அது என் மார்க்கு இல்லீங்க. உங்க பொண்ணுக்கு நான் போட்டது இன்னொரு பொண்ண ஃபெயிலாக்கிடுச்சி."

புனிதா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "யார சார்?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக்கு வெளியே, புனிதாவின் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு பானுப்ரியா நின்றிருந்தாள். தோழிக்காக இன்னொரு தடவை கேட்கத்தான் வந்திருந்தாள்.