படத்தில் காட்டாத காலை

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் சூப்பர்வைசர் லைனுக்கே வந்து, "உங்க மாமியார் தவறிட்டாங்களாம், கிளம்புங்கம்மா" என்றார். கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அப்படியே ஓடினேன்.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் வாசலில் ராகி ரொட்டி தின்ற உங்களுக்கெல்லாம் என் அத்தை கௌரம்மாவைத் தெரியும். "திண்டி ஆய்தா?", காலைச் சாப்பாடு ஆச்சா, என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே கையில் திணிப்பார். சாப்பிட்டாச்சு என்றாலும் விடமாட்டார்.

ஒருமுறை ஓசூரில் ஒரு காதல் படத்துக்குப் போனோம். தமிழ்ப் பையன், வடநாட்டுப் பெண். பாஷை வேறு, சாப்பாடு வேறு, இரண்டு வீட்டிலும் அடிதடி. கடைசியில் இருவரும் ரயிலேறி ஓடிப்போக, தியேட்டரே விசிலடித்தது. அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"படம் முடிஞ்சிடுச்சும்மா, வா" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்கடா முடிஞ்சுது? விடிஞ்சா அந்தப் பொண்ணுக்கு யாரு திண்டி குடுப்பாங்க? அதைக் காட்டவேயில்லையே!"

முன்சீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படி வந்தவள்தானே. சாமல்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து, கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டேன். "அந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை அழுதுகொண்டிருந்தேன். அத்தை சூடான ரொட்டியைத் தட்டில் போட்டு, "தின்னுட்டு அழு. அழறதுக்கும் தெம்பு வேணுமில்ல?" என்றார்.

வருஷா வருஷம் யுகாதிக்கு அம்மாவுக்கு ஒப்பட்டு, அதான் போளி, கொடுத்தனுப்புவார். டப்பா கழுவித் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. நான் முகம் சுளித்தால், "காலியாத்தானே வருது? தின்னிருக்காங்க, போ" என்பார்.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சம்பந்தி வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரவேண்டும். எனக்கு ஏது பிறந்த வீடு என்று, அடக்கம் முடிந்த மறுநாள் காலை சுவரில் சாய்ந்து கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காபி கொடுத்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அம்மா. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். கையில் பெரிய தூக்குவாளி.

"சம்பந்தி வூட்டு சாப்பாடு கொண்டாந்திருக்கேன், மாப்ள. எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க" என்று, படியை மிதித்து உள்ளே வந்தாள். இட்லி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க அத்தை இல்லை.

அத்தையின் ரொட்டிக்கல் இனி என்னிடம். காலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வழக்கம்போல வாருங்கள். புதிதாகக் கல்யாணம் ஆகி, யாரும் இல்லாமல் நிற்கிற பெண் இருந்தால் அவளையும் அழைத்து வாருங்கள். திண்டி ஆயிற்றா என்று நான் கேட்கிறேன்.