எஸ்தர் அம்மா எனக்காகச் செய்த ஜெபம்

கண் விழித்தபோது வலது காலின் பெருவிரல் எரிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே ஒரு கட்டு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"கால் போயிடுச்சுன்னு உங்க மூளைக்கு இன்னும் தெரியலை," என்றார் மருத்துவர். இதற்கு மாய உறுப்பு வலி (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல் உணரும் வலி) என்று பெயராம். கால் இழந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். அது கற்பனை அல்ல. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு வெட்கப்பட வேறு காரணம் இருந்தது.

நெய்வேலியில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து, குடித்துவிட்டு பைக்கில் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்தேன். எதிரே சைக்கிளில் வந்தவர்மேல் மோதி, மரத்தில் போய் இடித்து விழுந்தேன். அவர் பெயர் சாமுவேல், பள்ளித் தோட்டக்காரர். அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். நசுங்கிய என் காலில் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகத் தொடங்கியதால், புதுச்சேரி மருத்துவமனையில் காலை எடுத்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் அவருடைய மனைவி எஸ்தர் வந்தார். தனியாக, பஸ் பிடித்து.

என் அண்ணன் எழுந்து கும்பிட்டார். "கேஸ் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. ரெண்டு சின்னப் புள்ளைங்க வச்சிக்கினு இருக்கான்."

"அது என் கையில இல்லீங்க. இருந்தாலும் சொல்ல மாட்டேன். எங்க வூட்டுக்காரரு ரோட்டுல கெடந்தத நான் பாத்தேன்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"ஜெபம் பண்ணிட்டுப் போலாம்னு."

கட்டில் ஓரம் நின்று கண்ணை மூடினார். என் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தார். போர்வை அமுங்கியது. திடுக்கிட்டார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"ஆண்டவரே, இவன் மேல கோவம் எனக்குத் தீரல. உமக்குத் தெரியும். இவனும் செத்திருக்கணும்னு நெனச்சேன், அத மன்னியும். இவன் வலியக் கொறைச்சிடும். இவன் குடிய நிறுத்தும். இவன் புள்ளைங்களயாவது அழ வுடாதேயும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. வலி வந்துகொண்டேதான் இருந்தது. கண்ணாடிப் பயிற்சியில் (நல்ல காலின் பிம்பத்தைக் காட்டி மூளையை ஏமாற்றும் முறை) மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தது. குடியும் ஒரே நாளில் நிற்கவில்லை. இரண்டு முறை சறுக்கினேன். ஆனால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அண்ணன் வெகுநாள் என்னோடு பேசவில்லை. தண்டனை முடிந்து வந்து, இப்போது உட்கார்ந்தபடி கிரில் வெல்டிங் செய்கிறேன்.

சென்ற மாதம் டவுன்ஷிப் மார்க்கெட்டில் எஸ்தர் அம்மாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். செயற்கைக் காலோடு வேகமாக ஒதுங்க முடியாது.

"வலி இருக்கா தம்பி?"

"இருக்குங்க. அப்பப்ப வருது."

"எனக்கும் அப்பிடித்தான்," என்றார். "ஜெபத்த மட்டும் வுடல."

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். முன்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும் தூரம். எனக்கு இப்போது இருபது நிமிடம் ஆகும். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு முறை முன்னால் போய்விட்டார். பிறகு என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.