படகில் கொடுத்த முகம்

சண்டை நின்றுவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நான் கொழும்பில் கேக் ஐசிங் பழகிவிட்டு, தீவுப்பக்கத்து எங்கள் ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பியிருந்தேன். கனடாவில் இருந்த அண்ணன் ஒரே பிடியாக நின்றார். தைப்பொங்கலுக்குள் தொழில் பிடிபடாவிட்டால், அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட நான் விமானம் ஏறவேண்டும். எனக்கோ இந்த வெளிச்சத்தையும் உப்புக் காற்றையும் விட்டுப் போக மனமே இல்லை.

"முகத்தைப் பார்த்தால்தான் சனம் நம்பும், விசிட்டிங் கார்டில் படம் போடுங்கோ" என்று கொழும்பில் பழக்கிய மிஸ் சொல்லியிருந்தார். ஸ்ரூடியோக்காரர் சொன்னபடி கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டு படம் எடுத்தேன். யாழ்ப்பாணத்து அச்சகக்காரர் அதை முட்டை வடிவில் வெட்டி, ஓரத்தில் இரு பக்கமும் குத்துவிளக்குப் போட்டு, லமினேட்டும் செய்து தந்தார். "எங்களிட்ட இருக்கிறதுக்குள்ள இதுதான் வடிவான போடர், தங்கச்சி" என்றார். கேக் விஷயம் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நான் என் முகத்தையே பார்த்துப் பூரித்துப்போனேன்.

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும் படகில் ஏறினேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றபடியே கார்டுக் கட்டை உள்ளே கொடுத்தேன். அது கைமாறிக் கைமாறி இருட்டுக்குள் போனது. யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. படகு ஆட, கண் சொருக, என் முகம் தீவு தீவாக இறங்கி வீடு வீடாகப் போவதுபோல் இருந்தது. எல்லா வீட்டிலும் என்னை நல்ல இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு சுகமான கனவு.

பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. மாரி தொடங்கியபோது எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. 'வருகிறேன்' என்று அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொல்ல ஊர்காவற்றுறைக்குச் சைக்கிளில் போனேன். வழியில் மழை பிடித்தது.

"பிள்ளை, நனையாமல் உள்ளுக்கு வாரும்" என்று கடற்கரையோர வீட்டிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். தலை துவட்டத் துவாய் தந்தவர், என்னைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். அவர் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன்.

மாதாவின் சுருவச் சிலைக்குக் கீழே அந்த வீட்டில் இறந்தவர்களின் நினைவு அட்டைகள். அவருடைய புருஷன், மாமி, கடலுக்குப் போய் உடலும் கிடைக்காத மூத்த மகன். எல்லோருக்கும் அதே முட்டை வடிவம், அதே குத்துவிளக்கு. கடைசியில் நான், ஒரு மல்லிகைப் பூவோடு.

"படகில கைமாறி வந்தது. எழுத்துச் சின்னன், நான் வாசிக்கேல்லை" என்றார் அக்கா. "ஆரெண்டு தெரியாட்டிலும் ஆரோ பெத்த பிள்ளைதானே. எறிய மனம் வரேல்லை. உமக்கும் சேர்த்துத்தான் செபிக்கிறனான்."

நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அவருக்கும் அதே கதிதான். நான் கேக் செய்கிறவள் என்று சொல்ல, மழை விடும் முன்பே அவருடைய மகளின் கலியாணக் கேக் ஓடர் எனக்கு என்றாகிவிட்டது. மழை விட்டதும் என் கையைப் பிடித்து அயலெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். "இஞ்ச பாருங்கோ, நாங்கள் பூ வைச்ச பிள்ளை" என்று அறிமுகம் செய்தார். வேறு வீடுகளிலும் நான் சாமிப்படத்தடியில்தான் இருந்தேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஓடர் தந்தார்கள். பொங்கலுக்குள் மூச்சுவிட நேரமில்லை. அண்ணனும் மாப்பிள்ளைக் கதையை விட்டுவிட்டார்.

கலியாணக் கேக்கைக் கொண்டுபோனபோது, ரோசாப்பூப் போடருடன் புதிதாக அடித்த கார்டையும் எடுத்துப் போனேன்.

"அந்தப் பழசைத் தாங்கோ அக்கா, இதை வைப்பம்."

அவர் சுருவத்தடியில் இருந்த மகனின் படத்தையும் என் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருக்கட்டும் பிள்ளை. இதில இருக்கிற ஆக்களில நீர் ஒராளாவது வீட்டுக்கு வந்தனீர்."

நான் புதுக் கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.