மைனஸ் இருபதில் ஒரு சால்வை

மீன் கிடங்கில் அவருக்கு மூக்கண்ணன் என்றுதான் பேர். உறைந்த மீன் லேசில் வாசனை காட்டாது. குளிரில் மூலக்கூறுகள் எழும்ப மாட்டாமல் கிடக்கும். மூக்கண்ணன் ஒரு துண்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி முகர்ந்து, நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்.

மனைவி இறந்ததும், அவள் சால்வையைப் பையில் இறுகக் கட்டிக் குளிர் அறையின் மேல்தட்டில் வைத்தார்.

"என்னண்ணே, சால்வைக்குக் காய்ச்சலா?" என்றான் லோடுமேன்.

"உன் வேலையப் பாருடா!" என்று எரிந்து விழுந்தார்.

ஞாயிறுகளில் வீட்டில் பேச ஆளில்லாமல் கிடங்குக்கே வருவார். சால்வையை நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றினால் அவள் தலையெண்ணெய் வாசனை மெல்ல எழும். எழுந்தது எழுந்ததுதான், திரும்பத் துணிக்குள் போகாது.

இந்த ஞாயிறும் பையை எடுத்தார். இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் என்று அந்த மூக்குக்குத் தெரியும். பிரிக்காமலே திரும்ப வைத்துவிட்டு, குளிரை இரண்டு டிகிரி கூட்டினார்.