ரப்பர் தவளையும் ஏசுராஜின் வாயும்

ஏசுராஜுக்கு இந்த மலையில் மதிக்கத் தகுந்த ஆள் என்று ஒருவரும் கிடையாது. கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக மோட்டார் ஆபரேட்டர். அதற்கு முன்னால் ஏற்காட்டில் மூன்று வேலை பார்த்து மூன்றையும் வாயால் தொலைத்தவர். பள்ளிக்கூட வாட்ச்மேன் வேலை, பங்குச் சாமியாரிடம், "சாமி, உங்க பிரசங்கம் ஆரம்பிச்சா கோயில் மணிக்கே தூக்கம் வந்துருதுங்க" என்றதில் போனது. ஜீப் ஓட்டும் வேலை, கொண்டை ஊசி வளைவில் வாந்தியெடுத்த ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம், "ஏனுங்க, திங்கறப்ப மட்டும் வளைவு ஞாபகம் வரலீங்களா?" என்றதில். லாட்ஜ் வேலை எதனால் போனது என்பதை அவர் மனைவி ஆன்மேரி இன்றுவரை வெளியே சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் திட்டினாலும் 'ங்க' போகாது. ஏசுராஜ் மரியாதை இம்மியும் குறையாமல் மானத்தை வாங்குவார்.

மோட்டார் ரூம் அவருக்கு வாகாக அமைந்தது. மோட்டார் திருப்பிப் பேசாது. சில்வர் ஓக் சரிவுக்குக் கீழே எஸ்டேட் குளம். காப்பி பூக்கும் காலத்தில் தண்ணீர் தெளிப்பதற்காக வெட்டியது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கரையில் மண்புழுத் தூண்டிலோடு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். கெண்டையோ விராலோ கிடைக்கும். வாயும் சும்மா இருக்காது, சட்டியும் சும்மா இருக்காது.

இந்த வருஷம் மோட்டாருக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். சேலத்தில் உட்கார்ந்து போன் அடித்தால் கொட்டச்சேட்டில் மோட்டார் ஓடுகிறது. பெட்டியை மாட்டிவிட்டுப் போன பையனிடம் ஏசுராஜ், "நல்ல சாமானுங்க. அப்படியே காப்பிச் செடியும் போன்லயே காய்ச்சுருமுங்களா?" என்று கேட்டார். பெட்டி அதற்கெல்லாம் அசரவில்லை. மோட்டாருக்கு இனி ஆள் தேவைப்படவில்லை.

மேனேஜர் ராஜ்குமார் அவரைக் கூப்பிட்டுவிட்டார். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை. ஏசுராஜ் அவரை 'இஸ்திரி' என்றுதான் வீட்டில் குறிப்பிடுவது.

"பங்களாவ விருந்தாளிங்களுக்கு விடறமுங்க. வர்றவங்க பொம்மை இரை போட்டு மீன் புடிக்கணும்னு கேக்கறாங்க. கூட நின்னு காட்டிக்குடுக்க ஒரு ஆள் வேணும். குளம் உங்களுக்கு அத்துப்படி. ஒரு மாசத்துல பழகிக்கோங்க. அக்டோபர் மொதோ ஞாயித்துக்கெழம கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் வர்றார். அன்னிக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "மீன் மாட்டுதா இல்லையாங்கறது அப்பறமுங்க. எனக்கு பயம் உங்க வாய்தான். விருந்தாளிகிட்ட ஒரு வார்த்தை தப்பா வந்தாலும் லைன் ஊட்டக் காலி பண்ணிக்கோங்க" என்றார்.

எஸ்டேட் கொடுத்த லைன் வீடு போனால் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: சேலம், மச்சான் செபாஸ்டின் வீட்டு மாடி அறை. ஆன்மேரியின் அண்ணன் செபாஸ்டினுக்கு டைல்ஸ் கடை. இருபது வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் முகத்துக்கு நேரே, "மச்சான் மூளைக்கும் வழவழன்னு டைல்ஸ் ஒட்டிட்டாருங்க, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்த வாய் ஏசுராஜுடையது. அந்தக் கடைக்குத்தான் காவல் உட்கார வேண்டிவரும். செபாஸ்டின் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவே மாட்டார். அதுதான் ஏசுராஜுக்குத் தாங்காது.

மறுநாள், மேனேஜர் கொடுத்தனுப்பிய தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்தார். கண்ணாடி மாதிரி நைலான் நரம்பு சுற்றிய ராட்டை, வளைந்து கொடுக்கும் கழி, வர்ணம் அடித்த மரமீன்கள், ஈயத் தலையில் ரப்பர் குஞ்சம் கட்டிய கொக்கிகள். அதற்கு ஜிக் என்று பெயராம். கடைசியாக இரண்டு ரப்பர் தவளைகள். ஒன்றைக் கையில் எடுத்து அழுத்தினார். பீச்சென்று தண்ணீர் துப்பியது.

"பொறந்த குழந்தைக்கு வாங்கறத எல்லாம் புள்ளபெத்தவனுங்க தனக்கு வாங்கிக்கறானுங்க" என்றார் ஆன்மேரியிடம்.

"மொதல்ல பழகுங்க. அப்பறம் பேசுங்க" என்றாள் ஆன்மேரி.

அவளுடைய போனில் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். ஏதோ ஒரு பெரிய ஏரியில் படகில் நின்றுகொண்டு பாஸ் என்கிற மீனை ஜிக் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தான். பேச்சு புரியவில்லை. ஏசுராஜ் அவன் கையை மட்டும் பார்த்தார். மீன் மாட்டியதும் அவன் கூத்தாடிய கூத்தைப் பார்த்து, "ஒரு மீனுக்கே இப்படின்னா இவனுக்குப் பொண்ணு குடுத்தவங்க கதி என்னாகும்" என்றார். ஆனாலும் நாலு தடவை பார்த்தார்.

அந்த வெள்ளைக்காரனின் ஏரியில் அடியில் என்ன இருந்ததோ, இந்தக் குளத்தின் அடியில் இருந்தது சில்வர் ஓக் மிலாறு, உதிர்ந்து ஊறிய குச்சியும் கிளையும். ஈயத்தலை ஜிக் அடிக்குப் போய் மிலாறைக் கவ்விக்கொண்டது. முதல் வாரம் ஐந்து ஜிக் போயிற்று. குளத்துக்குக் கம்மல் மாட்டியதுதான் மிச்சம்.

பிறகு தவளை. அது தண்ணீரின் மேலேயே மிதந்து வரும், கொக்கிகள் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் சிக்காது. அந்தமட்டில் செய்தவனுக்கு மூளை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வாசனையே இல்லாத இரையை எந்த மீன் சீண்டும்? முப்பது வருஷ மண்புழு அனுபவம் சும்மா விடுமா? கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, தவளையை மட்டும் கருவாட்டுத் தண்ணீரில் ஊறப் போட்டு மதிலில் காயவைத்தார். எஸ்டேட் நாய் கவ்விக்கொண்டு போயிற்று. களை வெட்டுகிற கலாவதியின் வீட்டு வாசலில் ஒற்றைக் காலோடு கிடந்ததை அவள்தான் எடுத்துவந்து கொடுத்தாள். லைன் முழுக்கச் சிரித்தது. பதினோரு வருஷப் பாக்கியை ஒரே நாளில் வசூல் பண்ணிக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த ஒரு தவளையைத் தினமும் வீசினார், இழுத்தார். வீசினார், இழுத்தார். அது நீச்சல் போட்டிக்குப் போவது மாதிரி நேராக வந்து கரை சேர்ந்தது. விரால்கள் ஒதுங்கி வழிவிட்டன. புரட்டாசி பிறந்துவிட்டதால் லைனில் பாதிப் பேர் மீன் பக்கமே வரவில்லை. குளத்தில் விரால்கள் திருவிழாக் கூட்டம் போலத் திரிந்தன. ஒன்றுகூட மாட்டவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

ஒரு காலை, களைக்கொத்தோடு போன கலாவதி கரையில் நின்றாள்.

"ஏனுங்க, பொம்மைக்கு நீச்சல் பழக்கறீங்களாட்ட இருக்குதுங்க? நொம்ப நல்லா வருது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேத்துப் போடலாமுங்க."

ஏசுராஜ் ராட்டை சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். தவளை பாசி ஓரத்தில் அப்படியே நின்றது.

"சேக்கலாமுங்க. உங்க ஊட்டுக்காரர் மூணு வருஷமா உக்காந்த அஞ்சாங்கிளாஸ் பெஞ்சு காலியாத்தான இருக்குதுங்க" என்றார். சொல்லி முடித்ததும் கோபத்தில் கை ஒரு வெட்டு வெட்டியது. கழி நுனி துடித்தது. தவளை ஒரே ஒரு துள்ளு துள்ளியது.

தண்ணீர் வெடித்தது. கழி வில்லாக வளைந்தது. ஒரு முழ நீள விரால் கரைக்கு வந்து புல்லில் புரண்டது. கலாவதி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏசுராஜ் மீனைப் பார்க்கவில்லை. நடந்ததைத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தார். நிறுத்தினேன். ஒரு ஆளைத் திட்டி முடிக்கிற நேரம் தவளை சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு சுண்டு.

அன்றிலிருந்து அதுதான் கணக்கு. வீசுவார், நிறுத்துவார், மனசுக்குள் ஒருவரைத் திட்டுவார். இஸ்திரியைத் திட்டினார். போன் பெட்டி மாட்டியவனைத் திட்டினார். செபாஸ்டினுக்கு நீளமான வசவு இருந்தது. பெரிய மீன்கள் அதற்குத்தான் வந்தன. சின்ன வசவுக்குச் சின்ன மீன். நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்த வாயால் ஒரு காரியம் நடந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் திறக்காமல் இருந்தபோது.

அந்த வாரக் கடைசியில் மதகு ஓரம் ஒன்றைப் பார்த்தார். செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள், பெரிய தட்டு அகலத்துக்குக் கூட்டமாகக் கொப்பளித்தன. கீழே தாய், தொடை கனம். குஞ்சு மேய்க்கிற விரால் இரை எடுக்காது என்று எல்லாருக்கும் தெரியும். புழுவை மூக்கில் தேய்த்தாலும் திரும்பிப் பார்க்காது. ஏசுராஜ் சும்மா தவளையைக் கூட்டத்தின் மேல் போட்டார். திட்டக்கூட நேரம் கொடுக்கவில்லை. அது எழும்பி அடித்த அடியில் தவளை ஒரு ஆள் உயரம் பறந்தது. கொக்கி பிடிக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடி அடித்தது.

"பசிக்குக் கடிக்கலை, கோவத்துக்குக் கடிக்குது" என்று ஆன்மேரியிடம் சொல்லிச் சிரித்தார். "பசியில மாட்டுனா பாவமுன்னு சொல்லலாம். ரோஷத்துல போய் வாயக் குடுக்கற முட்டாளுக்கு என்னத்தச் சொல்றது?"

ஆன்மேரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் விருந்தாளி வந்தார். பெயர் பிரகாஷ், முப்பது வயதிருக்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, விரல் நுனி வெட்டிய கையுறை, எட்டுப் பை வைத்த சட்டை. வந்ததும், "நீதான் அந்த ஆளா? கழியை எடு" என்றார். கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற ஊரில், நரைத்த தலையைப் பார்த்து 'நீ'. ஏசுராஜுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆன்மேரி காலைப் பூசையில் மண்டியிட்டிருந்தது ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தார்.

முதல் வீச்சு சில்வர் ஓக் மரத்துக்குப் போயிற்று. இரண்டாவது ஏசுராஜின் தோள் துண்டுக்கு. ஒன்பது மணிக்குள் ஏசுராஜ் மனசுக்குள் அந்த ஆளின் தொப்பி, கண்ணாடி, கையுறை, எட்டுப் பை எல்லாவற்றையும் தனித்தனியாகத் திட்டி முடித்திருந்தார். மீன் இல்லை. வேறு வழியில்லாமல் மதகு ஓரம் கூட்டிப்போனார்.

"அந்தச் செவப்புக்குப் பக்கத்துல போடுங்க சார். போட்டுட்டு நிறுத்துங்க. மனசுக்குள்ள யாரயாச்சும் ஒரு வார்த்தை திட்டுங்க. முடிஞ்சதும் ஒரு சுண்டு."

பிரகாஷ் சிரித்தார். போட்டார், நிறுத்தினார், சுண்டினார். தாய் விரால் அடித்தது. இந்தத் தடவை கொக்கி பிடித்தது.

"யாரைத் திட்டுனேன் தெரியுமா? உன்னைத்தான்" என்றார் பிரகாஷ், மூச்சு வாங்க.

மீனின் மேலுதடு கிழிந்து தொங்கியது. அதைக் கட்டிப்பிடித்துப் பதினைந்து போட்டோ. பிறகு கண்ணை மூடி அதன் தலையில் ஒரு முத்தம், அதற்கு இரண்டு போட்டோ. அப்புறம் தண்ணீரில் விட்டு, "போ செல்லம்" என்றார். கிழித்தவனே செல்லம் கொஞ்சுவதற்கு ஏசுராஜிடம் ஒரு பதில் பழுத்துத் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ராஜ்குமார் சரிவில் இறங்கி வந்தார். "எப்படிங்க சார்? நம்ம ஆள் நல்லா சொல்லிக் குடுத்தாருங்களா?"

"இந்த ஆளா? இவனுக்கு இழுக்க மட்டும்தான் தெரியுது. நிறுத்தணும், அப்பறம் சுண்டணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். போகப்போகத் தேறிடுவான்."

ராஜ்குமார் ஏசுராஜின் வாயைப் பார்த்தார். சட்டைக்காலரைத் தொட்டுச் சரி பண்ணிக்கொண்டு காத்திருந்தார். குளத்தில் தவளை கிடப்பது மாதிரி அந்தப் பேச்சு கிடந்தது. ஒரு ஆளைத் திட்டுகிற நேரம் போயிற்று. இன்னொரு ஆளைத் திட்டுகிற நேரமும் போயிற்று.

"ஆமாங்க," என்றார் ஏசுராஜ். "சார்தானுங்க சொல்லிக் குடுத்தாரு."

வேலை கிடைத்தது. வீடு நின்றது. ஆன்மேரி மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள், கோழி அடித்தாள். லைனில் எல்லாரும் வந்து நல்ல வார்த்தை சொன்னார்கள்; கலாவதிகூட வந்தாள். ஏசுராஜ் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கோழி மண்ணாக இருந்தது. மலையில் மதிக்கத் தகுந்த ஆள் யாரும் இல்லை என்ற கணக்கில் ஒரு ஆளை விட்டிருந்தார். அந்த ஆளையும் அன்று சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஒற்றைக் கால் தவளையை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனார். அதற்குத் திரும்பக் கொக்கி மாட்டவில்லை. நரம்பில் வெறுமனே கட்டினார். குஞ்சுக் கூட்டம் இன்னும் அங்கேதான் கொப்பளித்தது. அடியில் நிழல் அசைந்தது.

போட்டார். திட்டவில்லை.

அடித்தது. தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது. மேலே எழும்பியபோது கிழிந்த உதடு தெளிவாகத் தெரிந்தது. நேற்றுத்தான் கிழிந்தது, இன்றைக்கும் தவளை மேல் அதே பாய்ச்சல். தவளையைத் துப்பிவிட்டு, திரும்பி வந்து, இன்னொரு தடவை அடித்தது.

ஏசுராஜ் கரையில் குந்தினார். பிறந்ததிலிருந்து யாரிடமும் பேசாத குரலில் பேசினார்.

"கடிங்க சாமி," என்றார். "நீங்களாச்சும் கடிங்க."

தவளையை இழுத்து மறுபடி போட்டார்.